அஸ்காலே அத்தை வீட்டுக் காபி

“கம்பத்தைப் பிடுங்கி வண்டியில வையுங்க,” என்று லாகெச் சொன்னபோது, கூடாரத்தின் முதல் கம்பு ஏற்கெனவே சந்தில் நட்டாகிவிட்டது. சங்கத்து ஆட்கள் நான்கு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கூடாரமும் பெஞ்சும் அண்டாவும் கொண்டுவந்து இறக்குவது அவர்கள் வேலை. இறக்கியதைத் திருப்பி ஏற்றச் சொன்ன வீட்டை அவர்கள் இதுவரை பார்த்ததில்லை.

“ஏம்மா, ஐயா எந்திரிச்சு உக்காந்துட்டாரா?” என்றான் டெகெஃபு. சாவுக்கு எக்காளம் ஊதித் தெருவுக்குச் சொல்பவன் அவன்தான். எக்காளம் அவன் கக்கத்தில் தயாராக இருந்தது.

“எந்திரிக்கல. நீயும் இன்னிக்கு ஊதக் கூடாது.”

“ஊதாம எப்படி? முப்பது வருஷம் சந்தா கட்டின மனுஷன். நான் ஊதலேன்னா மேல போய் புகார் பண்ணுவார்.”

அதற்குள் ஷிமெலிஸ் சித்தப்பா வாசலுக்கு வந்துவிட்டார். அண்ணன் இறந்து சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. அழுது கண் சிவந்திருந்தாலும் குரலில் பழைய கணக்கு வாத்தியார் அப்படியே இருந்தார்.

“மதியம் உன் தம்பி நெபியு விமானத்துல வந்து இறங்கறான். இறங்கினதும் நேரா மண்டபத்துக்குப் போகணும். ரெண்டு நாட்டுக்காரங்களும் உக்காந்து கையெழுத்துப் போடற நாள் இது. எல்லையில எத்தனை பேர் செத்திருக்காங்கன்னு உனக்கே தெரியும். பேசி முடிச்சவன் அவன். அவன்தான் ஒப்பந்தத்தைப் படிக்கணும். இப்பப் போய் அப்பா செத்துட்டார்னு சொன்னா என்ன ஆகும்? நாளைக்கு விடியக்காலைல முறைப்படி போய்ச் சொல்லுவோம். மதியம் அடக்கம். அதுவரைக்கும் இந்தத் தெருவுல யாரும் சாகல.”

ஆட்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை. சாவுச் செய்தியை யாரும் யாருக்கும் போகிற போக்கில் சொல்லிவிடுவதில்லை. விடிகிற நேரத்தில் கும்பலாகப் போய், ஆளை உட்கார வைத்து, பெரியவர் ஒருவர் வாயால் சொல்ல வேண்டும். அதுவரைக்கும், தெரிந்தவர்கள் எல்லோரும் தெரியாதவர்கள்தான். கம்பு பிடுங்கப்பட்டது. அது நின்ற குழியை டெகெஃபு செருப்புக் காலால் மண் தள்ளி மூடினான்.

லாகெச் உள்ளே வந்தாள். அப்பாவின் நாற்காலிக்குக் கீழே ஒரு காலுறை கிடந்தது. காலையில் அவள் காபி கொண்டுவந்தபோது, ஒரு காலுக்குப் போட்டுவிட்டு மற்றதைக் கையில் வைத்தபடியே அவர் சாய்ந்திருந்தார். போட்ட காலுறையோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கேதான், குளிர்ந்த அறையில், இப்போது இருக்கிறார். அவள் காலுறையை எடுத்து மடித்தாள். ஒற்றைக் காலுறையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

எதிர்ச் சுவரிலிருந்து ஏழு மந்திரிகள் அவளைப் பார்த்தார்கள்.

அப்பா வோர்க்னே, பேரரசர் காலத்தில் வெளியுறவு அமைச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும், யார் கார் முதலில் வர வேண்டும், எந்தக் கொடி எந்தப் பக்கம் பறக்க வேண்டும் என்று பார்க்கிற பிரிவு. ஏழு மந்திரிகளிடம் வேலை பார்த்தார். ஏழு பேரின் படங்களையும் கூடத்தில் மாட்டியிருந்தார். ராணுவம் வந்து அந்த ஏழு பேரில் ஒருவரைச் சுட்டபோது அந்தப் படம் அலமாரிக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்றது. இன்னொருவர் வெளிநாட்டில் பேசப் போன இடத்தில் பதவியை எறிந்துவிட்டுத் திரும்பி வராமல் போனபோது அவர் படமும் அங்கேயே போனது. லாகெச்சும் நெபியுவும் சிறுவயதில் அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துத்தான் நாட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள். பிறகு ராணுவத்துக்காரர்களும் போனார்கள். அப்பா எல்லாப் படங்களையும் எடுத்துத் துடைத்து ஒரே வரிசையில் மாட்டினார். விருந்தாளி யாராவது, “இந்த ஆளையும் ஏன் வெச்சிருக்கீங்க?” என்று கேட்டால், “இது பதவிக்கு வந்த வரிசை. நல்லவன் கெட்டவன் வரிசை வேற ஆபீஸ்ல போடுவாங்க,” என்பார்.

வீட்டிலும் அதே ஆள்தான். நாலு பேர் வந்தால் அவர் எழுந்து நாற்காலிகளை நகர்த்த ஆரம்பித்துவிடுவார். வயதில் மூத்தவருக்கு ஜன்னலோரம். துக்கத்தில் இருப்பவருக்குக் கதவைப் பார்க்காத இடம். மனத்தாங்கல் உள்ளவர்கள் எதிரெதிரே கூடாது, பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். அப்போதுதான் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அம்மா இருந்தவரை சொல்லிக்கொண்டிருப்பாள், “இந்த மனுஷன் என்னைப் பெண் பார்க்க வந்தப்பவே எங்கப்பாவை எழுப்பி வேற நாற்காலியில உக்கார வெச்சவர்.”

லாகெச் அப்பாவின் அக்கா அஸ்காலே அத்தையை நினைத்துக்கொண்டிருந்தாள்.  

அந்தக் கதை குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். கண்டத்துத் தலைவர்கள் எல்லோரும் இந்த நகரத்தில் கூடிய அந்த மே மாதத்தில், அப்பாவுக்கு இருபத்து நாலு வயது. கார் வரிசைக்குப் பொறுப்பு. சொந்த ஊரான அங்கோபெரில் அவருடைய அம்மா இறந்துபோனார். அவனிடம் யாரும் மூச்சு விடக் கூடாது என்று சொன்னது மூத்தவளான அஸ்காலே அத்தை. கூட்டம் முடிந்து, கடைசி விமானமும் கிளம்பிப் போன மறுநாள் விடியலில்தான் ஆட்கள் வந்து சொன்னார்கள். அதற்குள் புதைத்தும் ஆகிவிட்டது. அதன் பிறகு அத்தை வீட்டுக்கு அப்பா போகாமல் இருந்ததில்லை. போவார், உட்காருவார், சாப்பிடுவார், சிரிப்பார். காபி வரும்போது மட்டும் கையால் கோப்பையை மூடிக்கொள்வார். முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று, மூன்றுக்கும் அதே கை. அத்தை சாகும்வரை ஊற்ற வந்தாள். அப்பா ஒரு தடவைகூடக் கையை எடுக்கவில்லை.

இப்போது லாகெச்தான் மூத்தவள். அவளுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. இன்று காலை அப்பாவும் போய்விட்டார். மிச்சம் இருப்பது தம்பி ஒருவன்தான். அந்தத் தம்பி, நாளைக்கு அவள் வீட்டில் உட்கார்ந்து, சிரித்துப் பேசிக்கொண்டே கோப்பையைக் கையால் மூடுவதை அவள் மனக்கண்ணில் தெளிவாகப் பார்த்தாள்.

“சித்தப்பா,” என்றாள், “அவன் வந்ததும் அப்பா எங்கேன்னு கேப்பான்.”

“புனித நீருக்குப் போயிருக்கார்னு சொல்லு. எண்டோட்டோ மலைக்கு. அங்க போனை வாங்கி வெச்சுடுவாங்க, பேச முடியாதுன்னு சொல்லு.”

“அப்பாவா? புனித நீருக்கா?”

“வயசானா எல்லாருக்கும் பக்தி வரும். சொல்லு.”

கொதிக்க வைத்த வெந்நீர் இல்லாமல் முகம்கூடக் கழுவாத மனிதர். அதிகாலைக் குளிரில் மலை ஊற்றுக்கு அடியில் நின்று நடுங்குகிறவர்களைப் பார்த்து, “இவங்களுக்குக் கடவுள் தர்றது குணம் இல்லை, ஜலதோஷம்,” என்று பாதிரியார் காதுபடச் சொன்னவர். ஆனால் வேறு பொய் யோசிக்க அவளுக்கு நேரம் இல்லை. அமைச்சகத்துக் கார் சந்து முனையில் வந்து நின்றுவிட்டது.

காரில் ஃபெவென் இருந்தாள். நெபியுவின் கீழே வேலை பார்க்கும் சின்னப் பெண். அழைத்துப் போக அனுப்பியிருந்தார்கள். லாகெச் ஏறியதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்குப் பொய் சொன்னா காது சிவந்துடும் அக்கா. சாருக்குத் தெரியும். லீவு கேக்கும்போதெல்லாம் காதைத்தான் பாப்பார்.”

“அப்ப முடியைப் பிரிச்சு விடு.”

அவள் பின்னலை அவிழ்த்து முடியைக் காதுமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். 

விமான நிலையத்தில் நெபியு கையில் கோட்டோடு வெளியே வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். அக்காவின் கன்னத்தில் மாற்றி மாற்றி முத்தமிட்டான்.

“நீ எதுக்கு வந்த? மருந்துக் கடையை யார் பாக்கறா?”

“இன்னிக்கு மூடிட்டேன். சரக்கு எண்ணறோம்.”

“சரக்கு எண்ணற அன்னிக்கு ஏர்போர்ட்டுக்கு வந்திருக்க. என்னையும் சேத்து எண்ணவா?” அவன் சிரித்தான். காரில் உட்கார்ந்ததும் கேட்டான், “அப்பா ஏன் போன் எடுக்கல?”

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மழைக்காலம் முடிந்து சாலை நடுவே மஞ்சள் பூக்கள் மண்டிக் கிடந்தன. மலை, புனித நீர், சித்தப்பாவின் வற்புறுத்தல், வாங்கி வைத்த போன் என்று எல்லாவற்றையும் சொன்னாள். தன் குரல் மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல இருப்பது அவளுக்கே கேட்டது.

நெபியு கைக்கடிகாரத்தின் பட்டையைக் கழற்றினான். ஒரு துளை தள்ளி மாட்டினான்.

“மலையில குளிருமே,” என்றான். “ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டாரா?”

“எடுத்துக்கிட்டார்.”

“நல்லது.”

நம்பிவிட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. நிம்மதி வந்தது, உடனே அந்த நிம்மதி மீது வெறுப்பும் வந்தது. அவன் அவள் கடையில் வேலை பார்க்கும் பெண்ணின் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டான். ஷிமெலிஸ் சித்தப்பாவின் முழங்காலைப் பற்றி, டெகெஃபுவின் மாட்டைப் பற்றி, கூரையில் ஒழுகிய மூலையைப் பற்றிக் கேட்டான். ஃபெவென் முன் இருக்கையில் முடியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

மண்டபத்துக்கு எதிரே இருந்த உணவகத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். விரத நாள், கறி கிடையாது. இன்ஜெரா என்கிற புளித்த மாவுத் தோசையின் மேல் பருப்பும் கீரையும் வந்தன. லாகெச் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, நெபியு ஒரு கவளம் சுருட்டி அவள் வாய்க்கு நேரே நீட்டினான்.

“வேண்டாம்டா.”

“வாயைத் திற. கை வலிக்குது.”

அவள் வாங்கிக்கொண்டாள். மென்றாள்.  இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஃபெவென் கை கழுவப் போயிருக்கிறாள். ஒரே ஒரு வாக்கியம். மண்டபத்தில் இருக்கிறவர்கள் காத்திருக்கட்டும், எல்லை அப்படியே இருக்கட்டும். கவளத்தை விழுங்கிவிட்டுப் பேச நினைத்த அந்த நொடியில், கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கிழவர் உள்ளே வருவதைப் பார்த்தாள்.

மமோ. அமைச்சகத்தில் கார் ஓட்டி ஓய்வு பெற்றவர், அப்பாவின் சீட்டாட்டக் கூட்டாளி. காலையில் ஆஸ்பத்திரி வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதவர். அவர் நெபியுவைப் பார்த்துவிட்டார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டியபடி மேஜைகளுக்கு நடுவே வந்தார். முகம் ஏற்கெனவே அழுகைக்குக் கோணியிருந்தது.

லாகெச் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவள் முழங்கால் மேஜையில் இடித்தது.

“மகனே,” என்றார் மமோ, “கடவுள் உனக்கு—”

அவளுக்கு முன்னால் நெபியு போய்விட்டான். கிழவரை இழுத்து அணைத்துக்கொண்டான். அவர் முகம் அவன் தோளில் புதைந்தது.

“மமோ ஐயா, எப்படி இருக்கீங்க? அப்பா ஊர்ல இல்லை. புனித நீருக்குப் போயிருக்கார். வந்ததும் நீங்க கேட்டதாச் சொல்றேன்.”

கிழவரின் கண்கள் அவன் தோளுக்கு மேலாக லாகெச்சைத் தேடின. அவள் தலையை மிகச் சிறிதாக அசைத்தாள். மமோ நாற்பது வருடம் மந்திரிகளுக்குக் கார் ஓட்டியவர். பின் இருக்கையில் பேசியது முன் இருக்கையில் கேட்காத மனிதர்.

“அப்படியா,” என்றார் மெதுவாக. “புனித நீருக்கா. அவரா. நல்லது. குணமாகட்டும்.”

“குணமாயிடும்,” என்றான் நெபியு. கிழவரின் முதுகைத் தடவிய கையை அவன் உடனே எடுத்துவிடவில்லை.

விழுந்த நாற்காலியை அவனே நிமிர்த்திப் போட்டான். இரண்டாவது கவளத்தைச் சுருட்டி அக்காவிடம் நீட்டினான். “ஒண்ணோட நிறுத்தினா நாளைக்கு நாம சண்டை போட்டுக்குவோம்னு சொல்லுவாங்க,” என்றான். அவள் அதையும் வாங்கிக்கொண்டாள். 

மண்டபத்தில் அவளுக்குக் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. இரண்டு நாட்டு ஆட்களையும் ஒரு நீள மேஜையில் மாற்றி மாற்றி உட்கார வைத்திருந்தார்கள், எதிரெதிரே இல்லை. அப்பா பார்த்தால் சரி என்று சொல்லியிருப்பார். நெபியு எழுந்து படித்தான். ஆறு, மேய்ச்சல் நிலம், கிணறுகள், இரண்டு பக்கமும் வந்துபோகலாம் என்ற பாதைகள். குரல் நேராக இருந்தது. ஒரு தாளைத் திருப்பும் இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தான். தேவைக்கும் அதிக நேரம் குடித்தான். பக்கத்தில் இருந்த அண்டை நாட்டுக்காரர் தலை திருப்பிப் பார்த்தார். லாகெச் சட்டைப் பைக்குள் இருந்த காலுறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் விழுந்தால் அது தன்னால்தான்; விழாமல் நின்றாலும் தன்னால்தான். பிறகு அவன் மறுபடி படிக்க ஆரம்பித்தான். கையெழுத்துகள் ஆயின. எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஃபெவெனை வேறு காரில் அனுப்பிவிட்டு, அவனே காரை ஓட்டி அக்காவைக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். பெரிய சாலையில் ஒரு கழுதைக் கூட்டம் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. கார் நின்றது. இதுதான் நேரம் என்று அவளுக்குத் தெரிந்தது.

“நெபியு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“அஸ்காலே அத்தை வீட்டுல அப்பா ஏன் காபி குடிக்கலேன்னு உனக்குத் தெரியுமா?” என்றான் அவன், சாலையையே பார்த்தபடி.

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“தெரியுமே. பாட்டி செத்ததை மறைச்சாங்க. கூட்டம் முடியறவரைக்கும்.”

“எல்லாரும் அப்படித்தான் நினைச்சுட்டு இருக்காங்க. நான் வேலையில சேந்த வருஷம் அப்பாவே சொன்னார். அவருக்கு ரெண்டாம் நாளே தெரியுமாம். ஊர்லேருந்து வந்த ஒரு ஆள் அவரைப் பாத்ததும் தொப்பியைக் கழட்டினானாம். தெரிஞ்சுகிட்டேதான் அத்தனை காரையும் வரிசையா நிறுத்தினார். அத்தை மறைச்சது தப்புன்னு அவர் நினைக்கல. நானா இருந்தாலும் மறைச்சிருப்பேன்னார்.”

“அப்புறம் ஏன்?”

“சொல்ற அன்னிக்கு அத்தை வரல. ஆறு ஆம்பளைங்களை அனுப்பி வெச்சுட்டாங்க. முகத்தைப் பாக்கப் பயந்துட்டு.” கழுதைகள் போய் முடிந்தன. அவன் காரைக் கிளப்பினான். “‘யார் யாரோ வந்து சொன்னாங்க, அவ வரல’ன்னார் லாகெச். அவ்வளவுதான் சொன்னார்.”

சந்து முனையில் அவன் காரை நிறுத்தினான். கூடாரம் இல்லாத சந்து எப்போதும்போல இருந்தது. அவன் இறங்கவில்லை, உள்ளே வருகிறேன் என்றும் சொல்லவில்லை. அவள் கதவைத் திறந்தபோது சொன்னான்:

“நாளைக்குக் காலைல நான் வீட்டுலதான் இருப்பேன்.”

அவள் தலையாட்டினாள்.

அன்று சாயங்காலம், துக்கத்துக்கு வருகிறவர்களுக்காகப் பின்கட்டில் கோதுமையும் கொண்டைக்கடலையும் அண்டாவில் ஊறப் போட்டார்கள். சித்தப்பா யார் யார் போவது என்று விரல் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். “நீ இங்கயே இரு. விடிஞ்சதும் கூடாரம் போடணும், ஜனம் வரும். பெரியவங்க நாங்க போய்ச் சொல்லிக் கூட்டிட்டு வரோம்.”

“நானும் வரேன்.”

“உன்னைப் பாத்தா அவன் உடைஞ்சுடுவான்மா.”

“நானும் வரேன் சித்தப்பா,” என்றாள். அவர் இன்னொரு விரலையும் மடக்கினார்.

விடிகிற நேரத்தில் ஒன்பது பேராகப் போனார்கள். எல்லோரும் வெள்ளைப் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துப் போர்த்தியிருந்தார்கள். நெபியுவின் மனைவியும் மகளும் வெளிநாட்டில் இருந்ததால் அந்த அடுக்குமாடி வீட்டில் அவன் தனியாகத்தான் இருந்தான். கீழே காவலாளி நெருப்பில் குளிர் காய்ந்துகொண்டிருந்தான். கூட்டத்தைப் பார்த்ததும் எழுந்து தொப்பியைக் கழற்றினான். லாகெச் அவனைக் கடக்கும்போது தணிந்த குரலில் கேட்டான்:

“நாற்காலி பத்துமா அம்மா? காபிக் கடையில அதுக்கு மேல இல்லேன்னுட்டான்.”

“என்ன நாற்காலி?”

“ஐயா நேத்து சாயங்காலம் இரவல் வாங்கிட்டு வந்தாரே. நாந்தான் மாடிக்குத் தூக்கிட்டுப் போனேன்.”

சித்தப்பா முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். முழங்காலைப் பிடித்தபடி, சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினார். அவருக்கு இது கேட்கவில்லை. மேலே போய்க் கதவைத் தட்டுவதற்கு அவர் கையை ஓங்கியபோது கதவு திறந்தது.

நெபியு குளித்து, சவரம் செய்து, கறுப்புக் கோட்டு போட்டிருந்தான். அவர்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டவன்போலப் புருவத்தை உயர்த்தினான். கொஞ்சம்தான் உயர்ந்தது. “உள்ள வாங்க,” என்றான்.

கூடத்தில் காபிக் கடையின் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் அரைவட்டமாகப் போடப்பட்டிருந்தன. ஜன்னலோரம் ஒன்று தனியாக, மேலே மடித்த கம்பளியோடு இருந்தது. சித்தப்பா யோசிக்காமல் நேராகப் போய் அதில் உட்கார்ந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக அமர்ந்தார்கள். யாரும் யாரையும் இடம் மாறச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதவுக்கு முதுகைக் காட்டி இரண்டு நாற்காலிகள் ஒட்டிப் போடப்பட்டிருந்தன. நெபியு அதில் ஒன்றில் உட்கார்ந்தான். மற்றொன்று மட்டுமே மீதி இருந்தது.

லாகெச் போய் அதில் உட்கார்ந்தாள்.

சித்தப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நெபியு இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்து, எதிரே இருப்பவர் சொல்வதை முதன்முறையாகக் கேட்கப் போகிறவனைப்போலச் சற்றே முன்னால் குனிந்து, காத்திருந்தான்.